இலவசமாக வந்த மிக்ஸிக்கும் வரியா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து சமையல் வீடியோ போடுகிறேன். விளம்பரப் பணம் கொஞ்சம் வரும். கம்பெனிகள் மிக்ஸி, குக்கர் அனுப்பும். சம்பளத்தில்தான் வரி பிடிக்கிறார்களே, இதற்குமா என்று மைத்துனர் வாதாடினார். தென்னாப்பிரிக்காவின் 1962 வருமானவரிச் சட்டப்படி, ரொக்கமாக வந்தாலும் வேறு விதமாக வந்தாலும் வருமானம்தான். வீடியோவில் காட்டுவதற்காகக் கொடுத்த மிக்ஸி கூலி. அதன் சந்தை விலையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு அத்தை தந்த குக்கர் வேறு கதை.

சரி என்று இங்குள்ள வரித் துறையான சார்ஸின் இ-ஃபைலிங் தளத்தில் புரொவிஷனல் வரிக்கு, அதாவது வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே கட்டும் வரிக்கு, பதிந்தேன். ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று என ஐஆர்பி6 படிவம். வீடியோவுக்கான டேட்டா செலவைக் கழித்தேன், ரசீதோடு. மிச்சம் சம்பளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து உயர்ந்த விகிதத்தில் வரியாகிறது, அதுதான் கடிக்கிறது. பொருளாக வந்ததற்கும் வரியைப் பணமாகத்தானே கட்டணும்? இப்போதெல்லாம் பொருளோடு விலைச்சீட்டையும் கேட்டு வாங்கிவிடுகிறேன்.