கமான் பட்டையை ஃபைபரில் செய்யலாம், துளை மட்டும் போடாதீர்கள்

பட்டறைக்குள் சரக்கு இழுக்கும் எங்கள் பேட்டரி வண்டிக்கு நான் செய்த முதல் ஃபைபர் கமான் பட்டை, அதாவது கண்ணாடி இழையைப் பிசினில் இறுகவைத்துச் செய்த, வண்டியின் பாரத்தையும் குலுக்கலையும் தாங்கும் வளைந்த பட்டை, நெடுக்குவாட்டில் பிளந்துபோனது. தப்பு என்னுடையதுதான். இரும்புப் பட்டைக்குப் போடுகிற பழக்கத்தில், 60 மி.மீ. அகலப் பட்டையின் நடுவே சென்டர் போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டேன். சுமை தாங்கவேண்டிய இழைகளில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே அறுந்தது.

இரண்டாவது பட்டை இன்னும் ஓடுகிறது. அதன் கணக்கு இது. தாங்குபுள்ளிகளுக்கு இடையே 900 மி.மீ., ஒரு பட்டைக்கு 120 கிலோ பாரம், அதற்கு 40 மி.மீ. இறக்கம். கன அளவில் கண்ணாடி இழை பாதி, எபாக்ஸி பிசின் பாதி என்றால் விறைப்பு எஃகில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதனால் தடிமன் 13.4 மி.மீ. வந்தது, எடை 1.3 கிலோ. இதே பாரத்துக்கு இதே அளவு இறங்கும் ஒற்றை எஃகுப் பட்டை 3.2 கிலோ இருக்கும். அதுவும் பெரிய குழியில் இறங்கினால் வலிமையின் விளிம்புக்கே போய்விடும். அதனால்தான் எஃகில் பல பட்டைகளை அடுக்குகிறார்கள். கார்வெட் காரின் பின்பக்க எஃகு அடுக்குக்குப் பதில் 1981லேயே ஒற்றை ஃபைபர் பட்டை வந்துவிட்டது.

ஒட்டுப்பலகையை நடுவில் 40 மி.மீ. உயரம் வரும் வளைவில் அறுத்து, மேலே சன்மைக்கா ஒட்டி, மெழுகு பூசினால் அச்சு தயார். ஒரே திசையில் இழை ஓடும், சதுர மீட்டருக்கு 400 கிராம் உள்ள கண்ணாடித் துணி, பிசினில் நனைத்து 43 அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வைக்காதீர்கள், பிசின் சூடேறிப் புகையும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, பத்துப் பத்து அடுக்காக வைத்து, கடைசியில் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பையில் அழுத்தலாம். அறுக்கும்போது முகமூடி கட்டாயம். கண்ணாடித் தூள் அரிப்பு இரண்டு நாள் போகாது, அனுபவம்.

நடுவில் துளைக்குப் பதில், மேலும் கீழும் ரப்பர் வைத்து, விளிம்பு மழுங்கடித்த இரும்புத் தகடுகளுக்கு நடுவே யூ போல்ட்டால் பிடிக்கவும். முனைகளுக்கும் இதே மாதிரி தகட்டுப் பிடிதான். கல்லடிக்கும் வெயிலுக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் போதும்.

காயில் ஸ்பிரிங்கை இப்படிக் கையால் செய்யப் பார்க்காதீர்கள். அது முறுக்கத்தில் வேலை செய்வது, இழைகளை 45 பாகையில் மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். பதிவெண் போட்டுச் சாலையில் ஓடும் வண்டிக்கும் இந்தப் பட்டை வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் 120 கிலோ ஏற்றி அளந்தேன். 42 மி.மீ. இறங்கியது. வேக்கம் அழுத்தி, தடிமன் 13 ஆகியிருந்தது. அடுத்ததற்கு இரண்டு அடுக்கு கூட்டிவிட்டேன்.