வளர்ச்சி ஹார்மோன் ஊசி எவ்வளவு பலன் தரும்? முன்கூட்டியே கணிப்பது எப்படி

ஊசி தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "முதல் வருஷம் எத்தனை சென்டிமீட்டர் எதிர்பார்க்கலாம்?" அந்த எண் கையில் இல்லாவிட்டால் ஒரு வருஷம் கழித்து, பலன் வந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் பெற்றோர் உயரம். அப்பா, அம்மா உயரத்தை (செ.மீ.யில்) கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். 170, 155 என்றால், வளர்ந்து முடிந்ததும் எதிர்பார்க்கும் உயரம் பையனுக்கு 169, பெண்ணுக்கு 156. இந்த உயரத்தை எட்ட இந்த வயதில் இருக்க வேண்டிய அளவுக்கும் குழந்தை இப்போது இருக்கும் அளவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஊசிக்கு வளர்ச்சியும் பொதுவாக அதிகம்.

அப்புறம் வயது. சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடும், எலும்பு வயது (எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முதிர்ச்சி) முதிர்ந்து பருவமடைதல் நெருங்கிவிட்டால் வளர மிச்சமிருக்கும் காலமே குறைவு. ஹார்மோன் தூண்டல் பரிசோதனையில் (மருந்து கொடுத்து வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்ப்பது) உச்ச அளவு எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு ஊசி நன்றாக வேலை செய்யும். இதோடு பிறந்த எடை, இப்போதைய எடை, டோஸ். 1999இல் ராங்கே என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட கணக்கீடு ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இவற்றைத்தான் பயன்படுத்தியது. முதல் வருஷ வளர்ச்சியில் குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டில் 61% வரை அதனால் விளக்க முடிந்தது. மீதி விளக்கமில்லாமல்தான் இருக்கிறது, அதனால் கணிப்பை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பிறகு வரும் வருஷங்களைக் கணிக்க, முந்தைய வருஷம் எவ்வளவு வளர்ந்தது என்பதே மிக முக்கியம். அதனால் அளப்பதில் கவனம் வேண்டும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செருப்பில்லாமல், அதே கருவியில், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் (மாலைக்குள் உயரம் சற்றுக் குறையும்), மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஆறு மாத அளவில் 1 செ.மீ. பிசகினால், வருஷக் கணக்கில் அது 2 செ.மீ. ஆகிவிடும். ஊசிக்கு முந்தைய ஒரு வருஷ அளவும் கட்டாயம் வேண்டும்.

கடுமையான குறைபாடு இருந்தால் முதல் வருஷம் 10 செ.மீ.க்கு மேல்கூட வளரலாம், டர்னர் சிண்ட்ரோம் (பெண் குழந்தைகளுக்கு வரும் ஒரு குரோமோசோம் குறைபாடு) போன்றவற்றில் அதைவிடக் குறைவு. இரண்டாம் வருஷம் வேகம் தணிவது இயல்பு, பயப்படாதீர்கள்.

கணிப்பைவிட நிறையக் குறைந்தால்? டோஸைக் கூட்டச் சொல்லும் முன் தவறிய ஊசிகளை நேர்மையாக எண்ணிப் பாருங்கள், குழந்தையைத் திட்டாமல். அப்புறம் மருந்து குளிரில் சரியாக இருந்ததா, தைராய்டு, ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டி ரத்தத்தில் உருவாகும் பொருள்) அளவுகள் எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வளரவில்லை என்றால், நோயறிதலையே மறுபடி சரிபார்க்கக் கேட்க வேண்டும்.