பக்காரட் ஆடுவது எப்படி? சிங்கப்பூர் மேசையில் அமரும் முன்

பக்காரட் என்னும் சீட்டாட்டத்தின் மேசையைச் சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பார்த்தால், அது ஏதோ பெரும் சூட்சுமம் நிறைந்த ஆட்டம் என்றே தோன்றும். உண்மையில், ரம்மி ஆடிப் பழகிய ஒருவருக்கு இதில் கற்க வேண்டியது மிகக் குறைவு. எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்ற முடிவு எதுவும் ஆடுபவரிடம் விடப்படுவதில்லை. பணத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது மட்டுமே அவர் வேலை. ஆகவே, அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு செலவு வைக்கின்றன என்பதை அறிவதே இந்த ஆட்டத்தைக் கற்பது.

படி 1: உள்ளே நுழைதல்

2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா ஆகிய இரண்டு சூதாட்டக்கூடங்களிலும் 21 வயது நிரம்பியவர்களுக்கே அனுமதி. வெளிநாட்டவர் கடப்பிதழைக் காட்டி நுழையலாம். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்த 150 வெள்ளியைப் போன கணக்கில் எழுதிவிடுங்கள். அதை மேசையில் மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு உட்காருபவர் முதல் சீட்டு விழும் முன்பே தவறு செய்துவிட்டார்.

படி 2: கட்டங்களை அறிதல்

மேசையில் பிளேயர், பேங்கர், டை (இரு பக்கமும் சமம்) என்று மூன்று முக்கியக் கட்டங்கள் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்: பிளேயர் என்பது நீங்கள் அல்ல, பேங்கர் என்பது சூதாட்டக்கூடமும் அல்ல. அவை இரண்டு பக்கங்களின் பெயர்கள் மட்டுமே. எந்தப் பக்கத்தின் மீதும் நீங்கள் பணம் வைக்கலாம். பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லையான சிப்பை வாங்கும்போது, ரொக்கத்தைச் சீட்டுப் போடும் ஊழியரான டீலரின் கையில் நீட்டாமல் மேசைமீது வையுங்கள்; அவர் அதைக் கேமராவுக்குத் தெரியும்படி விரித்து எண்ணிய பிறகே சிப்புகளைத் தள்ளுவார்.

படி 3: எண்ணும் முறை

பொதுவாக எட்டுக் கட்டுச் சீட்டுகள், அதாவது 416 சீட்டுகள், ஷூ எனப்படும் பெட்டியில் அடுக்கப்படுகின்றன. ஏஸ் 1, 2 முதல் 9 வரை அதனதன் எண், 10, ஜாக்கி, ராணி, ராஜா ஆகியவை பூஜ்யம். கூட்டுத்தொகை பத்தையோ அதற்கு மேலோ எட்டினால் பத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் கொள்ள வேண்டும்: 7உம் 8உம் சேர்ந்தால் 15 அல்ல, 5. ஒன்பதுக்கு அருகில் இருக்கும் பக்கம் வெல்லும். முதல் இரண்டு சீட்டுகளிலேயே ஏதேனும் ஒரு பக்கத்துக்கு 8 அல்லது 9 விழுந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

படி 4: மூன்றாவது சீட்டு

பிளேயர் பக்கம் 0 முதல் 5 வரை இருந்தால் ஒரு சீட்டு எடுக்கும். 6, 7 இருந்தால் நிற்கும். பிளேயர் நின்றுவிட்டால் பேங்கருக்கும் இதே விதிதான். பிளேயர் சீட்டு எடுத்திருந்தால், பேங்கர் அந்தச் சீட்டைப் பார்த்துச் செயல்படும். தன்னிடம் 2 வரை இருந்தால் எப்போதும் எடுக்கும். 3 இருந்தால், பிளேயர் எடுத்தது 8 ஆக இல்லாதவரை எடுக்கும். 4 இருந்தால், அது 2 முதல் 7 வரை உள்ளபோதும், 5 இருந்தால் 4 முதல் 7 வரை உள்ளபோதும், 6 இருந்தால் 6 அல்லது 7 ஆக உள்ளபோதும் எடுக்கும். 7 இருந்தால் எடுக்காது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, டீலர் பார்த்துக்கொள்வார்.

ஆனாலும் ஒரு கையை, அதாவது ஒரு சுற்றை, மெதுவாகப் பார்ப்போம். பிளேயருக்கு ராஜாவும் 5உம்: மதிப்பு 5. பேங்கருக்கு 9உம் 4உம்: மதிப்பு 3. பிளேயர் எடுக்கும் சீட்டு 8. கூட்டினால் 13, எனவே 3. பேங்கர் நிச்சயம் ஒன்று எடுக்கும் என்று புதியவர் எதிர்பார்ப்பார். எடுக்காது. மூன்றுக்கு மூன்று, ஆட்டம் டை. பிளேயரிலும் பேங்கரிலும் வைத்தவர்களின் பணம் அப்படியே அவர்களுடையது. டையில் வைத்தவருக்கு மட்டும் எட்டு மடங்கு. 8 எடுத்த பிளேயரிடம் 8, 9, 0, 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்றுதான் இருக்க முடியும். அவற்றில் 0, 1, 2 ஆகிய மூன்றையும் பேங்கரின் 3 இருந்த இடத்திலேயே வெல்லும் என்பதுதான் இந்த விதிவிலக்கின் உள்ளர்த்தம்.

படி 5: விலையை அறிதல்

பேங்கர் கடைசியாகச் செயல்படுவதால் அதற்குச் சற்றே சாதகம்: நூறு கைகளில் சராசரியாக 45.86 பேங்கருக்கும், 44.62 பிளேயருக்கும், 9.52 டைக்கும் போகின்றன. அந்தச் சாதகத்தை ஈடுகட்டவே பேங்கர் வெற்றியில் 5 விழுக்காடு கமிஷன் பிடிக்கிறார்கள். கமிஷனைக் கண்டு பேங்கரை ஒதுக்குபவர்கள் பலர். ஆனால் கமிஷன் போன பிறகும் கூடத்தின் பங்கு, அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக அதற்குச் சேர்வது, பேங்கரில் 1.06 விழுக்காடு, பிளேயரில் 1.24 விழுக்காடு. டையிலோ அது 14.36. ஒரு கைக்கு 25 வெள்ளி வீதம் 60 கைகள் ஆடினால் பந்தயத் தொகை 1,500 வெள்ளி. பேங்கரில் எதிர்பார்க்கும் நட்டம் சுமார் 16 வெள்ளி, டையில் சுமார் 215 வெள்ளி. நட்டமில்லா ஆட்டமாக இருக்க வேண்டுமானால் டைக்கு ஒன்பதரை மடங்கு கொடுக்க வேண்டும், கொடுப்பதோ எட்டு.

‘கமிஷன் இல்லை’ என்று எழுதிய மேசைகளில், பேங்கர் மொத்த மதிப்பு 6 பெற்று வென்றால் பாதிப் பணமே தரும் வகை உண்டு. அதில் பேங்கர்மீது கூடத்தின் பங்கு 1.46 ஆக ஏறிவிடுகிறது. இலவசம் என்ற சொல்லுக்கு அங்கே அதுதான் விலை.

பலகையும் மடக்கலும்

மேசையருகே சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் நிறைந்த மின்பலகை இருக்கும். சிவப்பு பேங்கர், நீலம் பிளேயர். ஆறு சிவப்பு வரிசையாக விழுந்தால் கூட்டம் கூடிவிடும். ஆறாவது சிவப்பு ஏழாவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பலகை நடந்ததன் குறிப்பேடு மட்டுமே.

சில மேசைகளில் அதிகம் வைத்தவரே சீட்டைத் திறக்கலாம். ஒருவர் கவிழ்ந்த சீட்டின் நீள ஓரத்தை விரலால் மெல்ல மடக்கி எட்டிப் பார்ப்பார். மூன்று புள்ளிகள் தெரிந்தால் அது 6, 7 அல்லது 8. பின்னால் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சீட்டு ஷூவிலிருந்து வந்தபோதே முடிவாகிவிட்டது என்றாலும், இந்த ஆட்டத்தின் சுவை முழுவதும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது என்பதை நானும் மறுக்க மாட்டேன்.

எழுந்து செல்லும்போது

கமிஷனை ஒவ்வொரு வெற்றியிலும் பிடிக்காமல் குறித்துவைத்துக் கடைசியில் வசூலிக்கும் மேசையாக இருந்தால், அதை முதலில் தீர்க்க வேண்டும். பிறகு சிறு சிப்புகளை டீலரிடம் பெரியவையாக மாற்றிக்கொள்ளுங்கள். அவர் ரொக்கம் தரமாட்டார். காசாளர் முகப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே போகும் வழியிலும் மேசைகள் இருக்கும்.