இருவர் கூட்டில் நடக்கும் எழுத்துப்பணி நிறுவனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் மொழிபெயர்ப்பிலும் கட்டுரையிலும் தேர்ந்தவர். இன்னொருவர் கம்பெனி ப்ரொஃபைல், டெண்டர் ஆவணம், திட்ட அறிக்கை, கணக்கு வழக்கு என்று தொழில் சார்ந்த வேலைகளைச் செய்து தருபவர். இருவரும் சேர்ந்தால் ஒரே வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கலாம் என்று தொடங்கும் சின்ன நிறுவனங்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. இவற்றில் பல வேலை கிடைக்காமல் நிற்பதில்லை. ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதித் தருபவர்கள் தங்களுக்குள் எதையும் எழுதிக்கொள்ளாததால் நிற்கின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வாய்ப்பேச்சில் கூட்டு சேர்வது

பத்திரம் எழுதாவிட்டால் கூட்டே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருவர் சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பகிர்ந்தால், வாய்மொழியாகப் பேசியதே சட்டப்படி கூட்டாண்மைதான். நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களை 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தானாக நிரப்பிவிடும். எப்படி நிரப்பும் என்று பாருங்கள்: லாப நட்டம் இருவருக்கும் சரிபாதி. வேலை செய்ததற்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல் கடனாகப் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டைக் கலைக்கலாம்.

இரண்டு லட்சம் போட்டவருக்கும் ஒன்றும் போடாதவருக்கும் சரிபாதி, நாள் முழுக்க எழுதுபவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் வருபவருக்கும் சரிபாதி. இது உங்களுக்குச் சம்மதம் என்றால் பிரச்சினையில்லை. சம்மதம் இல்லையென்றால் பத்திரத்தில் மாற்றி எழுத வேண்டும். வெளியாருக்கான கடனில் ‘என் பங்கு பாதிதான்’ என்ற பேச்சும் செல்லாது. நிறுவனத்தின் முழுக் கடனையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம்.

பத்திரம் எழுதிப் பதிவு செய்யாமல் பீரோவில் வைப்பது அடுத்த தவறு. பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாத நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டிய பணத்துக்காக வாடிக்கையாளர் மீது வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மீது போடலாம், அதற்குத் தடையில்லை. பாக்கி 100 ரூபாய்க்குள் இருந்தால் மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. இன்றைக்கு அந்தத் தொகைக்கு யாரும் நீதிமன்றம் போவதில்லை. வழக்கு என்று வரும்போது பதிவு செய்துகொள்ளலாம் என்பதும் கைகொடுக்காது. வழக்குத் தாக்கலாகும் நாளில் பதிவு முடிந்திருக்க வேண்டும்.

பத்திரத்தில் சம்பளப் பிரிவை விட்டுவிடுவது

பணத்தில் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கூட்டு நிறுவனத்துக்கு வருமான வரியில் அடிப்படை விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். உழைக்கும் பங்குதாரர்களுக்குத் தரும் சம்பளத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சம்பளத்தின் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இருக்க வேண்டும். ‘பங்குதாரர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்வார்கள்’ என்று ஒரு வரி எழுதி வைப்பது போதாது.

கழிப்பதற்கு உச்சவரம்பும் உண்டு. 2024-25 நிதியாண்டிலிருந்து, லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது. மீதி லாபத்தில் 60 சதவீதம். சம்பளத்துக்கு முந்தைய லாபம் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 6 லட்சத்தில் 5,40,000, மீதி 2 லட்சத்தில் 1,20,000, மொத்தம் 6,60,000 ரூபாய் சம்பளமாகக் கழியும். எஞ்சும் 1,40,000 ரூபாய்க்கு வரி 43,680. பத்திரத்தில் அந்தப் பிரிவு இல்லையென்றால் முழு 8 லட்சத்துக்கும் வரி, அதாவது 2,49,600 ரூபாய். ஒரு பத்தி எழுதாததற்கு இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. கழித்த சம்பளத்தை இருவரும் தத்தம் ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஆளுக்கு 3,30,000 என்றால், வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்குப் புதிய வரிமுறையில் வரி வராது. முதலுக்கான வட்டியும் இப்படித்தான்: பத்திரத்தில் எழுதியிருந்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் வரை கழியும்.

இதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, பலருக்கு இன்னும் தெரியவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், வட்டி, போனஸ், கமிஷன் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்துக் கட்ட வேண்டும். பணத்தைக் கையில் தராமல் அவருடைய முதல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும். அதற்கு நிறுவனத்துக்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) தேவை. மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டரிடம் போய் நின்றால் தாமத வட்டியும் சேர்ந்துவிடும்.

வேலைக்கு ஏற்பப் பிரிக்காமல் மொத்தமாகப் பிரிப்பது

சரிபாதி என்பது முதல் ஆறு மாதம் இனிக்கும். பிறகு, ஒருவர் இரவெல்லாம் எழுதுகிறார், இன்னொருவர் போன் பேசுகிறார் என்ற மனக்குறை தொடங்கும். போன் பேசுபவருக்கோ, தான் பிடித்து வராவிட்டால் எழுத வேலை ஏது என்ற எண்ணம். இருவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் ஒவ்வொரு பில்லையும் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது: வேலையைக் கொண்டுவந்ததற்கு, வேலையைச் செய்ததற்கு, நிறுவனத்துக்கு.

ஒரு பில் 40,000 ரூபாய். வெளி மொழிபெயர்ப்பாளருக்கு 9,000 போனால் மீதி 31,000. வேலை கொண்டுவந்தவருக்குப் பில்லில் 10 சதவீதம், 4,000. எழுதி, திருத்தி, பிழை பார்த்த வேலைக்கு முன்பே பேசிய சொல் வீதப்படி 14,000. எஞ்சும் 13,000 நிறுவனக் கணக்கில் நின்று, செலவு போக ஆண்டுக் கடைசியில் லாபமாகப் பிரியும். விகிதம் உங்கள் விருப்பம். பிழை திருத்துவதையும் பணம் கேட்டு நினைவூட்டுவதையும் வேலையாக எண்ணி விலை வையுங்கள், இவை இரண்டும்தான் வழக்கமாகக் கணக்கில் வராமல் போகும். இதே கணக்கிடும் முறையைப் பத்திரத்தின் சம்பளப் பிரிவிலும் எழுதிவிட்டால் வரிக்கும் உதவும்.

பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்குவது

‘ஜிபே பண்ணிடுங்க’ என்று சொந்த நம்பரைக் கொடுத்துவிடுவது சுலபம். வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடிக்கும்போதுதான் சிக்கல் தெரியும். பில் நிறுவனத்தின் பெயரில், பான் எண் பங்குதாரருடையது என்று இருந்தால், பிடித்த வரி அவருடைய கணக்கில் ஏறும். வருமானத்தை நிறுவனம் காட்டும், வரி வரவு வேறொருவரிடம் இருக்கும். பத்திரம் கையெழுத்தானதும் நிறுவனத்துக்குத் தனி பான் வாங்கி, கரண்ட் அக்கவுண்ட் திறந்து, பில்லில் அந்த எண்களை மட்டும் போடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுவதும் நல்லது.

நீங்கள் வேலை கொடுக்கும் வெளி எழுத்தாளர்களுக்குத் தரும் பணத்துக்கும் டிடிஎஸ் பொருந்தும். விற்றுமுதல் குறைவாக இருந்தால் பிடிக்க வேண்டாம் என்று தனிநபருக்கு இருக்கும் சலுகை கூட்டு நிறுவனத்துக்கு இல்லை. ஒருவருக்குத் தொழில்முறைக் கட்டணமாக ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டிக் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வரிக்கணக்கில் ஏற்க மாட்டார்கள்.

ஜிஎஸ்டியில் இரண்டு தவறுகளைச் சொன்னால் போதும். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு அவசியம், வெளிநாட்டு வாடிக்கையாளர் தரும் பணமும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும். பதிவு செய்த பின் கொட்டேஷனில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று எழுத மறப்பது இன்னொன்று. 20,000 என்று மொட்டையாகச் சொல்லி, வாடிக்கையாளர் ‘வரியும் சேர்த்துத்தானே’ என்று கேட்டுவிட்டால் உங்களுக்கு நிற்பது 16,949 ரூபாய்தான்.

எந்த மொழியின் சொல்லை எண்ணுவது என்று சொல்லாமல் விலை பேசுவது

ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று பேசி முடித்திருப்பார்கள். ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘இன் தி ஆபீஸ்’ என்ற மூன்று சொற்கள் தமிழில் ‘அலுவலகத்தில்’ என்று ஒரே சொல்லாகிவிடும். வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டுவதால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் எந்தக் கோப்பிலும் சொல் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். மூலக்கோப்பின் எண்ணிக்கையைத் தொடங்கும் முன்பே எடுத்து, அதைக் கொட்டேஷனில் எழுதி, அதற்கே விலை வையுங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழ்ச் சொல்லுக்கான வீதம் அதற்கேற்ப உயர வேண்டும்.

எழுத்துருவையும் கொட்டேஷனிலேயே முடிவு செய்துவிடுங்கள். யுனிகோடில் தருவதாக எழுதுங்கள். சில அச்சகங்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கேட்கும், மாற்றித் தருவதும் மாற்றியபின் மறுபடி பிழை பார்ப்பதும் தனி வேலை, தனிக் கட்டணம். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யுனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும்: ‘கோவை’ என்பது ‘காேவை’ மாதிரித் தெரியும். வாடிக்கையாளர் உங்கள் மொழிபெயர்ப்பே தப்பு என்று நினைப்பார். அதனால் அச்சுக்குப் போகும் முன் வடிவமைத்த பிடிஎஃபை ஒருமுறை பார்ப்பதையும் வேலையில் சேர்த்து விலை பேசுங்கள்.

இலவசத் திருத்தம் இரண்டு முறை என்று எழுதுவதோடு, திருத்தம் என்றால் என்ன என்றும் எழுதுங்கள். கொடுத்த மூலத்துக்குள் சொல்லையும் நடையையும் மாற்றுவது திருத்தம். மூலமே மாறினால் அது புது வேலை. பாதித் தொகை முன்பணமாக வராமல் தொடங்க வேண்டாம்.

உரிமை தானாகக் கைமாறும் என்று நம்புவது

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத எழுத்தாளர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். பணம் கொடுத்ததால் மட்டும் உரிமை மாறாது, அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான்.

கூட்டு நிறுவனம் இங்கே இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரிடம் ‘முழு உரிமையும் உங்களுக்கே’ என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உண்மையில் அதை எழுதிய வெளி எழுத்தாளரிடமிருந்து நீங்கள் எதையும் எழுதி வாங்கியிருக்க மாட்டீர்கள். இல்லாத உரிமையை விற்றதாகிவிடும். வேலை கொடுக்கும் நாளிலேயே ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள்: எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, என்ன தொகை. வாடிக்கையாளர் பக்கத்தில், முழுத் தொகையும் வந்த நாளிலிருந்துதான் உரிமை மாறும் என்று ஒரு வரி சேருங்கள். பாக்கி வைப்பவரிடம் உங்கள் கையில் இருக்கும் நல்ல பிடி அது.

பாக்கிக்குக் காத்திருப்பது

குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே முடிந்துவிடும். பணம் கேட்டு வருபவர்கள் இடைத்தரகர்கள். பதிவு எண்ணைப் பில்லில் போடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. கெடு தாண்டிய தொகையை மார்ச் 31-க்குள் தராவிட்டால் அந்த ஆண்டுச் செலவாக வாடிக்கையாளர் காட்ட முடியாது. ஆகவே நினைவூட்டல் கடிதத்தைப் பிப்ரவரியிலேயே, உத்யம் எண்ணோடு, அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். உங்களிடம் வேலை வாங்கிய மேலாளரைவிட அந்தப் பிரிவுதான் வேகமாக அசையும்.

பிரிவதைப் பேசாமல் சேர்வது

இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ கூட்டு அத்தோடு முடிந்துவிடும். இணைய முகவரி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் பிசினஸ் எண் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன, பாதியில் நிற்கும் வேலையை யார் முடிப்பது, வாங்கிய முன்பணம் யாரிடம் நிற்கும், பழைய வாடிக்கையாளர்களை யார் அணுகலாம் என்ற நான்கையும் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். பிரிந்த பிறகும் பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை ஒருவர் செயலுக்கு மற்றவர் பொறுப்பாளியாகவே இருப்பார். பதிவான நிறுவனமாக இருந்தால் அந்த அறிவிப்பு நிறுவனப் பதிவாளருக்கும், அரசிதழுக்கும், அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கும் போக வேண்டும்.