சந்தையில் வாங்கிய முரட்டுக் குதிரையை முதலிலிருந்து பழக்குவது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "அண்ணா, மார்வாரி ஜாதிக் குதிரை ஒண்ணு வாங்கினேன். சந்தையில சாதுவா நின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் ஏற விடமாட்டேங்குது. மீறி ஏறினா ஒரு இடத்துல நிக்காது, கடிவாளத்தை இழுத்தா முன்னங்காலைத் தூக்குது."

முதல் பதில்: கொஞ்ச நாளைக்கு அதன் மேல் ஏறாதீர்கள்.

இப்படி வரும் குதிரைகளில் பல, சின்ன வயதிலேயே மேளச் சத்தத்துக்கு ஆடப் பழக்கப்பட்டவை. தலையை இறுக்கிப் பிடித்து, காலில் குச்சியால் தட்டித் தட்டிப் பழக்கியிருப்பார்கள். அதனால் கடிவாளம் இறுகினால் நின்ற இடத்தில் காலைத் தூக்கி ஆட வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியும். நீங்கள் நிறுத்த நினைத்து இழுக்கிறீர்கள். அது ஆடச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறது. இன்னும் பலமாக இழுத்தால் போக்கிடம் இல்லாமல் நிமிர்ந்து எழுகிறது. இதில் திமிர் எங்கே இருக்கிறது?

படி 1: வலி இருக்கிறதா என்று பாருங்கள்

நம் ஊரில் குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பதற்கு அரை நாள் செலவழிப்பார்கள், வாயைத் திறந்து பார்க்க அரை நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள். நீங்கள் வாயிலிருந்தே தொடங்குங்கள். கீழ்த்தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத இடைவெளி இருக்கும். கடிவாள இரும்பு உட்காரும் இடம் அதுதான். அங்கே புண், தழும்பு, கெட்டியான மேடு இருக்கிறதா? நாக்கில் வெட்டு இருக்கிறதா? உதட்டோரம் கிழிந்து ஆறியிருக்கிறதா?

அப்படியே பல்லையும் எண்ணுங்கள். முன்பற்களில் நடு ஜோடிப் பால்பல் சுமார் 2½ வயதிலும், அடுத்தது 3½ வயதிலும், ஓரத்து ஜோடி 4½ வயதிலும் விழுந்து முளைக்கும். "அஞ்சு வயசுங்க" என்று விற்ற குதிரையின் ஓரத்தில் இன்னும் பால்பல் இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு குட்டி. முதுகெலும்பு முழுமையாக முதிரவே 5½, 6 வயது ஆகும். அதற்கு இப்போது சவாரியைவிட வளர்ச்சிதான் முக்கியம்.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல்நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ அங்கே வலி. கடைவாய்ப் பற்கள் கூராகி கன்னத்தைக் கிழிப்பதும், குளம்பு வளர்ந்து லாடம் இறுகியிருப்பதும் சாதாரணம். லாடத்தை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கால்நடை மருத்துவரை அழைத்து எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். பக்கத்து மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். தனுர்வாதத் (டெட்டனஸ்) தடுப்பூசியைக் கேட்டுப் போடுங்கள். குதிரைக்கு அந்த நோய் சுலபமாகத் தொற்றும், வாய்ப்புண் அதற்கு ஒரு வாசல்.

வேலை இல்லாமல் கட்டிப்போட்டு, தீவனமாகக் கொள்ளு மட்டும் அள்ளிக் கொட்டினால் எந்தக் குதிரையும் துள்ளத்தான் செய்யும். கொள்ளைக் குறையுங்கள், புல்லைக் கூட்டுங்கள். அவிழ்த்து விட்டு நடமாட ஒரு இடம் கொடுங்கள்.

படி 2: முள் கடிவாளத்தைத் தூக்கிப் போடுங்கள்

குதிரையோடு சேர்த்து விற்றவர் கொடுத்த கடிவாளத்தில் முள்ளோ கூரான சக்கரமோ இருக்கிறதா? 1965-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. "அது இல்லேன்னா அடங்காதுங்க" என்பார்கள். அது இருப்பதால்தான் அடங்கவில்லை என்று நான் சொல்வேன். வாய் ஆறும்வரை வெறும் தலைக்கயிறு போதும். பிறகு வழவழப்பான, நடுவில் மடங்கும் கணு வைத்த சாதாரண இரும்பு போடலாம்.

படி 3: தரையில் நின்று பழக்குதல்

நிஜமான வேலை இதுதான். இதில் அவசரப்பட்டால் பிறகு எல்லாமே கோணலாகும்.

மூன்று மீட்டர் கயிறு, வேலி போட்ட ஒரு திடல், ஒரு தடவைக்கு இருபது நிமிடம். குதிரைக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. அதனால் இடது தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

முதல் பாடம் பின்வாங்குவது. தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து, அதன் மார்புப் பக்கமாக லேசாக அழுத்துங்கள். இரண்டு விரல் பலம் போதும். அது தலையைத் தூக்கும், பக்கவாட்டில் திமிறும், ஆடவும் செய்யலாம். திட்டாதீர்கள், உலுக்காதீர்கள், விடவும் விடாதீர்கள். அதே அழுத்தத்தில் இருங்கள். ஏதோ ஒரு கட்டத்தில் உடம்பின் எடை பின்னால் சாயும். கால்கூட எடுத்து வைத்திருக்காது, சும்மா சாய்ந்திருக்கும். அந்த நொடியில் கையைத் திறந்துவிடுங்கள். கயிறு இறுகும்போது குதிரை எதையும் கற்பதில்லை. சரியானதைச் செய்ததும் தளர்ந்தால்தான் "இதைத்தான் கேட்டார்கள்" என்று அதற்குப் புரியும். இரண்டு நொடி தாமதித்து விட்டால், அந்த இரண்டாவது நொடியில் எதைச் செய்ததோ அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

தளர்த்தியதும் பிடரி முடியும் இடத்தில் உள்ள மேட்டைச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துக்கொள்வது அங்கேதான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்கும். கழுத்தில் பளார் பளாரென்று தட்டுவது நமக்குத்தான் பாராட்டு, அதற்கு அடி.

இதே முறையில் முன்னால் வருவது, நிற்பது, விலாவில் கை வைத்தால் பின்னங்காலைக் குறுக்கே வைத்து விலகுவது எல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதை நன்றாக ஊன்றுங்கள், ஏறிய பிறகு உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். இடது பக்கம் வந்தது வலது பக்கம் தானாக வராது. மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

நடுவில் ஆடத் தொடங்கினால் பதற்றம் என்று அர்த்தம். அப்போது மொபைலில் வீடியோ எடுக்காமல், சிறு வட்டமாக நடத்திக் கூட்டிப் போங்கள்.

படி 4: சேணம், பிறகு ஏறுவது

சேணத்துக்கும் பிடரி முடியும் இடத்து மேட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒவ்வொரு துளையாக ஏற்றுங்கள். நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. கணக்கு இடித்தால் உங்களைவிட இளைத்தவரை ஏற்றுங்கள்.

தலைக்கவசம் போட்டு, ஒரு திண்டின் மேல் நின்று, முதலில் கையால் மட்டும் சேணத்தில் சாயுங்கள். நகர்ந்தால் இறங்கி மறுபடி திண்டருகே கொண்டு வாருங்கள். தளர்ந்த கயிற்றில் தானாக நிற்கும் நாளில் ஏறலாம். அன்றைக்கு ஏறி, சொறிந்து கொடுத்து, இறங்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

படி 5: நிறுத்தப் பழக்குவது

கடிவாளத்தின் இரண்டு வாரையும் சேர்த்து இழுப்பது பழைய ஆட்டத்தைக் கிளப்பும். ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாக உங்கள் முழங்கால் பக்கம் கொண்டு வாருங்கள். கழுத்து வளையும், பின்னங்கால் குறுக்கே விலகும், வேகம் செத்துவிடும். நின்றதும் வாரை விடுங்கள். இதை நடையிலேயே போதுமான அளவு செய்த பிறகுதான் ட்ராட் (துள்ளுநடை), ரேவால் (மார்வாரிக்கே உரிய வேகநடை) எல்லாம். வேகமாக ஓடும்போது திடீரென்று இப்படித் திருப்பினால் கால் தடுக்கி விழும், ஜாக்கிரதை.

நிமிர்ந்து எழுந்தால் முன்னால் சாய்ந்து வாரைத் தளர்த்துங்கள், பிடரியைப் பிடியுங்கள். வாரைப் பிடித்துத் தொங்கினால் குதிரை மல்லாந்து உங்கள் மேலேயே விழும். வலி எல்லாம் சரியான பிறகும் நிமிர்வது தொடர்ந்தால் அது புதிதாகப் பழகுபவர் கையாள வேண்டிய குதிரை இல்லை. அனுபவம் உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

படி 6: வெளியே

பழகிய குதிரை ஒன்று முன்னால் போக, காலை வேளையில் மண்பாதையில் நடத்துங்கள். தார் ரோடும் கல்யாண ஊர்வலமும் அப்புறம். மேளம் கேட்டால் இறங்கிவிடுங்கள், வெட்கமே வேண்டாம். வீட்டுப் பக்கம் திரும்பியதும் வேகம் எடுத்தால் ஒரு வட்டம் போட்டு மறுபடி நடைக்குக் கொண்டு வந்து, கடைசித் தூரத்தைக் கயிற்றைப் பிடித்துக் கூடவே நடந்து கடந்துவிடுங்கள்.