பச்சை கட்டிய குளத்துக்கு முதல் செலவு பாஸ்பேட் மருந்து அல்ல

வீட்டு நீச்சல் குளம் பச்சை கட்டினால், பாஸ்பேட் நீக்கி வாங்குமுன் குளோரினையும், வெயிலில் அது வீணாகாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தையும் சோதித்துப் பாருங்கள். அமில அளவில் 7.5 சதவீதமாவது குளோரின் எப்போதும் நின்றால் பாசி தலைதூக்காது. அமிலம் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) என்றால் குளோரின் 3 பிபிஎம் வேண்டும். பாஸ்பேட் பாசிக்கு உரம்தான், ஆனால் தின்பதற்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டுமே!

பல வீடுகளில் சிக்கலே மிதவையில் போடும் டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரைதான். 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் அது விட்டுப் போகிறது. அமிலம் ஆவியாகாது, சேரச் சேரக் குளோரினின் வேகம் குறையும். கொஞ்சம் நீரை மாற்றிவிட்டு, திரவக் குளோரினை மாலையில் ஊற்றுங்கள், வெயிலுக்கு வீணாகாது. (மாத்திரை இருக்கும் மிதவையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ஆபத்து.)

ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பண்ணை வீட்டுக் குளத்துக்கு இது போதாது. அங்கே குளோரின் அடிக்கடி தீர்ந்துபோகும் என்பதால் பாஸ்பேட்டைக் குறைத்து வைப்பது கைகொடுக்கும். அதையும் பச்சை தெளிந்த பிறகே செய்யுங்கள். லந்தனம் என்ற உலோகம் கலந்த பாஸ்பேட் நீக்கி நீரைப் பால்போலக் கலக்கிவிடும், வடிகட்டியையும் கழுவ வேண்டிவரும்.