பேஸ்பால் சீசனை நண்பர்களோடு பகிர்ந்து பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் 81 சொந்த மைதானத்தில் நடக்கின்றன. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த எண்ணிக்கை மலைப்பாகத் தெரியும். ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று எழுந்துபோனவர்கள் பலர், நானும் முதல் தடவை அப்படித்தான் எழுந்துவந்தேன். அதே நண்பர்களோடு, அதே இருக்கைகளில், ஏப்ரல் குளிரில் தொடங்கி செப்டம்பர் மாலைவரை ஒரே அணியைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் இந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. அதற்குத் தடையாக நிற்பவை ஆட்டத்தின் விதிகள் அல்ல, பணமும் நாட்காட்டியும்தான். ஆகவே இந்த விளக்கத்தில் அவை இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நாங்கள் பார்ப்பது பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியை என்பதால், எடுத்துக்காட்டுகள் அந்த ஊரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்திலிருந்தே வருகின்றன.

முதல் படி: விதிகளில் பாதியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும்; 3 பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்துவிடும். வந்த அணி முதலில் ஆடும், உள்ளூர் அணி எப்போதும் இரண்டாவதாக ஆடும். பிட்சர் 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து, ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்தே பந்தை எறிவார். பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஹோம் பிளேட்டின் (பேட்டரின் பக்கத்தில் தரையில் பதித்த தகடு) மேலாகச் செல்லும் பந்தை அடிக்காமல் விட்டால் அது ஸ்ட்ரைக். அந்த எல்லைக்கு வெளியே போனதை அடிக்காமல் விட்டால் அது பால். 3 ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். 4 பால் ஆனால் அவர் முதல் பேஸுக்கு (ஓடுபவர் வரிசையாகத் தொடவேண்டிய இடங்களில் முதலாவது) நடந்தே போகலாம்.

கிரிக்கெட் ரசிகர் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தட்டிவிட்டு ரன் எடுக்கும் கலைக்கு இங்கே மதிப்பில்லை. முன்புறத்தில் செங்கோணமாக விரியும் இரு கோடுகளுக்கு வெளியே விழும் பந்து ஃபவுல், அது ஸ்ட்ரைக்காகவே எண்ணப்படும், ஆனால் பொதுவாக மூன்றாவது ஸ்ட்ரைக்காக ஆகாது. மற்றொன்று, கோடுகளுக்குள் தரையில் அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும்; "வேண்டாம்" என்று கையைக் காட்டி நிற்க முடியாது. இன்ஃபீல்டு ஃப்ளை, பால்க் போன்ற நுணுக்கங்களை இப்போதே படிக்காதீர்கள். அவை நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பேஸ்பால் ரசிகருக்கு அதைவிட மகிழ்ச்சியான கேள்வி கிடையாது.

இரண்டாம் படி: குழுவைச் சேர்த்து, ஏப்ரலுக்கு முன்பே கணக்கை எழுதிவையுங்கள்

நான்கு பேர் கொண்ட குழு சரியான அளவு என்பது என் கருத்து. இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு ஊர்ப் பயணம் வந்ததுமே திட்டம் கவிழ்ந்துவிடுகிறது. ஆறு பேர் என்றால் யாருக்கு எந்த நாள் என்ற பேச்சே ஓயாது.

அணிகள் 81 ஆட்டங்களுக்கான முழு சீசன் டிக்கெட்டையும், அதைவிடச் சிறிய தொகுப்புகளையும் விற்கின்றன. புதியவர்கள் ஏறக்குறைய 20 ஆட்டங்கள் கொண்ட தொகுப்பில், அடுத்தடுத்த இரண்டு இருக்கைகளை வாங்குவதே போதுமானது. முதல் ஆண்டில் நாங்கள் ஆசைப்பட்டு 40 ஆட்டத் தொகுப்பை வாங்கினோம்; ஆகஸ்டில் அணி தோற்றுக்கொண்டே போனபோது, வார நாள் ஆட்டங்களின் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லாமல், பத்துக்கும் மேற்பட்ட இரவுகளில் எங்கள் இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

பணம் கட்டுவதற்கு முன் நால்வரும் உட்கார்ந்து மூன்று விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் யாருடைய கணக்கில் இருக்கும்? ஒருவர் தன் முறை ஆட்டத்துக்கு வர இயலாவிட்டால் அதை முதலில் குழுவுக்குள் கொடுக்க வேண்டுமா, நேரடியாக வெளியே விற்கலாமா? விற்ற விலை வாங்கிய விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த லாபம் யாருக்கு? நண்பர்களுக்குள் இதையெல்லாம் எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நியூயார்க் யாங்கீஸ் வரும் சனிக்கிழமையின் டிக்கெட், சாதாரணச் செவ்வாய்க்கிழமை டிக்கெட்டைவிடப் பல மடங்கு விலைபோகக்கூடியது என்பதை அறிந்தபின் அந்தக் கூச்சம் தானாக விலகிவிடும். எங்கள் விதி இதுதான்: முதலில் குழுவுக்குள் வாங்கிய விலைக்குக் கொடுக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் வெளியே விற்கலாம், லாபம் அக்டோபர் விருந்துக்கான பொதுப் பணத்தில் சேரும்.

மூன்றாம் படி: ஆட்டங்களைப் பங்கிடுங்கள்

சீசனிலேயே எனக்கு மிகவும் பிடித்த மாலை இதுதான்; அன்று ஒரு பந்துகூட எறியப்படுவதில்லை. அட்டவணையை அச்சிட்டு மேசையில் விரித்து, சீட்டு எடுத்து வரிசையை முடிவு செய்யுங்கள். முதல் சுற்றில் 1, 2, 3, 4 என்ற வரிசையில் ஆளுக்கு ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் 4, 3, 2, 1 என்று வரிசை திரும்பும். இப்படிப் பாம்பு வளைவதுபோல் போனால், கடைசியில் நின்றவருக்கு அடுத்தடுத்து இரண்டு தேர்வுகள் கிடைப்பதால் மனக்குறை எழாது. 20 ஆட்டங்களை நால்வர் பிரித்தால் ஆளுக்கு 5. தேர்ந்தெடுத்தவர் குழுவில் ஒருவரையோ குடும்பத்தில் ஒருவரையோ அழைத்துப் போகலாம். இவை தவிர மூன்று ஆட்டங்களை, தொடக்கத்தில் ஒன்று, ஜூலையில் ஒன்று, கடைசியில் ஒன்று என, நால்வரும் சேர்ந்து பார்ப்பதற்கென ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் தனியாக நான்கு டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? 2023 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளோடும் ஆடுகிறது. தன் பிரிவில் உள்ள நான்கு அணிகளோடு தலா 13 ஆட்டங்கள் என்பதால், பாஸ்டன் ரெட் சாக்ஸோ யாங்கீஸோ பால்டிமோருக்கு ஆண்டுதோறும் 6 அல்லது 7 நாட்கள் வந்துபோகும். இந்த வாரம் தவறினால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மேஜர் லீக்கின் மறுபாதியான நேஷனல் லீக்கின் பெரும்பாலான அணிகள் ஓராண்டு இங்கே வந்தால் மறு ஆண்டு நம் அணி அங்கே போகும். ஷோஹெய் ஒடானி ஆடும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை நேரில் பார்க்க விரும்புபவர் அவர்கள் இங்கு வரும் ஆண்டைக் கோட்டைவிட்டால் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். விவரம் அறிந்தவர் முதல் சுற்றில் அதைத்தான் எடுப்பார். எங்கள் குழுவில் ஒருவர், உள்ளூரில் ஆட்டம் இருக்கும் ஆண்டுகளில், ஏப்ரல் 15-ஐத்தான் முதலில் எடுப்பார். 1947-இல் அந்த நாளில்தான் ஜாக்கி ராபின்சன், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மேஜர் லீக் அடைத்துவைத்திருந்த கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். அதன் நினைவாக அன்று எல்லா ஆட்டக்காரர்களும் 42 என்ற அவருடைய எண்ணையே அணிகிறார்கள். மைதானம் முழுக்க ஒரே எண் ஓடுவதால் யார் யார் என்று அடையாளம் தெரியாமல் திணறுவதும் அந்த நாளின் பகுதிதான்.

நான்காம் படி: இருக்கையை வெயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸை நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது விரும்பத்தக்கது என்று பேஸ்பால் விதிப்புத்தகமே சொல்கிறது. மாலைச் சூரியன் பேட்டரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்பதே காரணம். எல்லா மைதானங்களும் அதை அப்படியே பின்பற்றவில்லை என்றாலும், பல இடங்களில் மூன்றாம் பேஸ் பக்கத்துக்கும் ஹோம் பிளேட்டின் பின்புறத்துக்கும் நிழல் முதலில் வரும், வலது ஃபீல்டில் அமர்ந்தவர் சூரியனை நேருக்கு நேர் பார்க்க வேண்டிவரும். பால்டிமோரில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் அமரும் டக்அவுட் முதல் பேஸ் பக்கம் இருப்பதால், நம் ஆட்டக்காரர்களுக்கு அருகில் அமரவேண்டும் என்ற ஆசைக்கு ஜூலை மதியங்களில் வியர்வையால் விலை கொடுக்க வேண்டும். நாங்கள் மூன்றாம் பேஸ் பக்கத்து மேல் தளத்துக்கு மாறிவிட்டோம். மேலிருந்து பார்த்தால் தடுப்பாளர்கள் இடம்மாறி நிற்பதும், வலது ஃபீல்டுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் பழைய செங்கல் கிடங்கும் ஒருசேரத் தெரியும்.

கீழ்த்தளத்தை விரும்புபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2018 முதல் எல்லா மைதானங்களிலும் குறைந்தது டக்அவுட்களின் மறுமுனைவரை பாதுகாப்பு வலை இருக்கிறது. அதற்கு அப்பால் ஃபவுல் பந்து உங்கள் கைபேசித் திரையைவிட வேகமாக வந்து சேரும். குழந்தைகளோடு போகும் நாளில் வலைக்குப் பின்னாலேயே அமருங்கள்.

ஐந்தாம் படி: ஆட்ட நாள்

டிக்கெட் கைபேசிச் செயலியில்தான் இருக்கும். வாசலில் இணைய இணைப்பு திணறும் என்பதால் நண்பருக்கு உரியதை வீட்டிலிருந்தே அனுப்பிவிடுங்கள். பை அளவு பற்றிய விதி மைதானத்துக்கு மைதானம் மாறும், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்டன் யார்ட்ஸுக்குள் வெளியுணவைக் கொண்டுபோகலாம். வாசலுக்கு வெளியே விற்கும் தோலுடன் வறுத்த வேர்க்கடலையை வாங்கிக்கொண்டு போவதே எங்கள் வழக்கம். லைட் ரெயில் மைதானத்தின் பக்கத்திலேயே நிற்பதால் வண்டி நிறுத்தும் செலவும் மிச்சம்.

முன்பெல்லாம் அரை மணி தாமதமாக வந்தாலும் பெரிதாக எதையும் இழக்கமாட்டார்கள். 2023-இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள்: பேஸில் யாரும் இல்லையென்றால் 15 விநாடிக்குள் அவர் எறியத் தொடங்க வேண்டும். ஏறக்குறைய 3 மணி நேரம் நீண்ட ஆட்டம் இப்போது 2 மணி 40 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆகவே தேசிய கீதத்துக்கு முன்பே இருக்கையில் இருங்கள். கீதத்தின் இறுதியடிகளில் "ஓ" என்ற சொல் வரும்போது பால்டிமோர் கூட்டம் முழுவதும், ஓரியோல்ஸின் செல்லப்பெயரை நினைத்து, ஒரே குரலில் அதைக் கத்தும். முதல்முறை கேட்பவர் திடுக்கிட்டுத்தான் போவார். எழுந்துபோவதும் திரும்பிவருவதும் ஒரு பேட்டர் முடிந்து அடுத்தவர் வரும் இடைவெளியில்தான்.

ஆறாம் படி: ஸ்கோர் கார்டை நீங்களே எழுதுங்கள்

தொடர்ந்து வருபவருக்கும் வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் வேறுபாடு இந்தத் தாளில் தெரியும். ஒவ்வொரு தடுப்பிடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) 6, பிறகு இடது, நடு, வலது ஃபீல்டுகள் முறையே 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து ஆளை அவுட் ஆக்கினால் கட்டத்தில் 6-3 என்று எழுத வேண்டும். அவர் இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டானால் 6-4-3. மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்ந்தவருக்கு ஆங்கில 'கே' எழுத்து; மட்டையைச் சுழற்றாமலே நின்று வீழ்ந்தால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும்.

பேனா வேண்டாம், பென்சிலும் அழிப்பானும் கொண்டுபோங்கள். இருவர் போனால் வந்த அணியின் பக்கத்தை ஒருவரும் உள்ளூர் அணியின் பக்கத்தை மற்றவரும் எழுதுவது நல்லது. அப்போதுதான் ஆளுக்குப் பாதி நேரம் கை ஓயும். உணவு வாங்கப் போன நண்பர் தட்டோடு படியேறி வரும்போதே "என்ன ஆச்சு?" என்று கேட்பார். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, தாளைத் திருப்பிக் காட்டினால் கடலைத் தோல் ஒட்டிய அந்த ஒரு கட்டத்தில் 4-6-3 என்பதைப் படித்துவிட்டு, "ஐயோ, இப்பவா!" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஏழாம் படி: மழைக்கும் திட்டம் வேண்டும்

தார்ப்பாய் விரிக்கப்பட்டவுடன் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். 5 இன்னிங்ஸ் முடிந்திருந்தால், அல்லது உள்ளூர் அணி முன்னிலையில் இருக்கும்போது நான்கரை இன்னிங்ஸ் முடிந்திருந்தால், அது முழு ஆட்டமாகவே கணக்கிடப்படும். பிறகு மழையால் நிறுத்தினாலும் மாற்று டிக்கெட்டை எதிர்பார்க்க முடியாது. தொடங்குவதற்கு முன்பே தள்ளிப்போனால் உங்கள் டிக்கெட் பெரும்பாலும் புதிய தேதிக்குச் செல்லும். அந்தப் புதிய தேதி தேர்ந்தெடுத்தவருக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பதையும் இரண்டாம் படியின் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் அதைச் சேர்க்க மறந்த ஆண்டில், ஒரே ஆட்டத்துக்காக இரு நண்பர்கள் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

எட்டாம் படி: கடைசி உள்ளூர் ஆட்டம்

சாம்பியனை முடிவு செய்யும் அக்டோபர் ஆட்டங்களுக்கு அணி தகுதி பெறுமா என்பது செப்டம்பர் நடுவில் ஓரளவு தெரிந்துவிடும். தகுதி பெற்றால், தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமையாக விற்கும் நாளைக் கணக்கு வைத்திருக்கும் நண்பர் குறித்துவைக்க வேண்டும். பெறாவிட்டாலும் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு நால்வரும் போய்விடுங்கள். அன்று பெரும்பாலும் புதிய இளைஞர்கள்தான் ஆடுவார்கள், அடுத்த ஏப்ரலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று அங்கேயே பேசிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தபின் வலது ஃபீல்டுக்குப் பின்னால் உள்ள யூட்டா தெருவழியாக நடங்கள். ஹோம் ரன் பந்துகள் (கிரிக்கெட்டின் சிக்ஸர்போல் வேலியைத் தாண்டிப் பறந்தவை) வந்து விழுந்த இடங்களில் தரையில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். எங்கள் ஸ்கோர் கார்டில் இருக்கும் ஒரு ஹோம் ரன்னின் தகட்டை நாங்கள் ஆண்டுதோறும் தேடி மிதித்துவிட்டு, அங்கேயே நின்று பொதுப் பணத்தை எண்ணி, விருந்து எங்கே என்று முடிவு செய்துவிட்டுத்தான் ரெயிலுக்குப் போவோம்.